இருபது பேரில் ஒருத்தர்

கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்பிவிட்டது என்பதுதான் ஊரெல்லாம் பேச்சு. அதைச் சொல்லிச் சிரித்தவர்களைக்கூட அவள் விட்டுவிடுவாள். "தப்பல, முழுங்கிட்டா" என்றவர்களைத்தான் விடுவதாக இல்லை.

நகரசபைத் தேர்தலில் லாரி முதலாளி பதினான்கு ஓட்டில் தோற்றுப்போனார். அவள் பதிவேடு எழுத உட்கார்ந்திருந்த சாவடியில், ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திட்ட பதிவேட்டின் கடைசி எண் 612. பெட்டியில் இருந்த சீட்டுகளோ 592. மிச்சம் இருபது எங்கே? அந்த இருபதும் எனக்கு விழுந்தவை, சேர்த்து எண்ணினால் ஆறு ஓட்டில் நான்தான் ஜெயித்தவன் என்று முதலாளி ஒரு வேனில் ஒலிபெருக்கியைக் கட்டித் தெருத்தெருவாக விட்டார். வேனை ஓட்டியவர் அவளுடைய அப்பா.

"இருபது ஓட்டு எங்கே? திருடியது யார்?" என்று காலை எட்டு மணிக்கு வேன் அவர்கள் வீட்டைத் தாண்டும். அப்பா அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைப்பார்.

"குறைக்காதீங்கப்பா. வெச்சா முழுசா வைங்க, இல்லன்னா நிறுத்துங்க."

"வண்டி அவரோடது, சத்தமும் அவரோடது பாப்பா. பிரேக்ல இருக்கற கால் மட்டுந்தான் என்னுது."

அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இரண்டு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆணை எப்போது வரும் என்று அம்மா தபால்காரரைப் பிடித்து வைத்துக் கேட்காத நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. பைக்குள் மடித்துப் போட்டிருந்த கைக்குட்டை, சாவடியில் கொட்டிய விரல் மையைத் துடைத்தது. பிரித்தால் வரவில்லை. மடிப்போடு மடிப்பு ஒட்டி விறைத்துப் போயிருந்தது. இழுத்தாள். சர்ரென்று கிழிகிற மாதிரி சத்தம். அந்தச் சத்தத்தில் அவளுக்குப் பதிவேடு ஞாபகம் வந்தது.

தேர்தலன்று காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால், வேலை சுருக்காக ஓடட்டும் என்று, பதிவேட்டின் தாள்கள் எல்லாவற்றிலும் எண்களை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தாள். தாளுக்கு இருபது எண், ஒரு பக்கம் மட்டும். ஆள் வந்த பிறகுதான் எண் போட வேண்டும் என்பது விதி. விதியை எல்லாச் சாவடியிலும் இப்படித்தான் ஏய்ப்பார்கள். மதியம் பத்தொன்பதாம் தாள் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் முழங்கை பட்டு மைப்புட்டி கவிழ்ந்தது. துடைத்தாள், வரிசை நகர்ந்தது. பத்தொன்பதாம் தாளைத் திருப்பியபோது இருபதாம் தாளும் ஒட்டிக்கொண்டே வந்திருக்க வேண்டும். 380-க்கு அடுத்தவர் 401-இல் கையெழுத்துப் போட்டிருப்பார். இருபது எண்கள் இருக்கும். இருபது ஆட்கள் இருந்ததே இல்லை.

நேரே பெரிய டீச்சர் வீட்டுக்குப் போனாள். பள்ளிக்கூடத்துக்குத் தலைமை அவர்தான், அன்றைக்குச் சாவடிக்கும் அவர்தான்.

அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "வாயத் தொறக்காத. எண்ணுனவங்க தப்புன்னு போகட்டும். நீயா போய்த் தலையக் குடுத்தா, உன் ஆணை குப்பைக்குப் போயிடும்."

"எண்ணுனவங்க என்ன தப்புப் பண்ணாங்க?"

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் டீச்சர். திருட்டுப் பட்டத்தோட வேணாம்."

மாலையில் முதலாளியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேஜையில் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. மேலிடம் சொல்லித்தான் இருபது சீட்டை எடுத்துப் போட்டேன் என்று அவள் எழுதிக் கொடுத்தது போல.

"ஒரு கையெழுத்தும்மா. சின்னப்பொண்ணு, மிரட்டிட்டாங்கன்னு உன்மேல பழி வராம நான் பாத்துக்கறேன். வேலையும் என் பொறுப்பு."

"இருபதாம் தாள் காலியா இருக்கும். பிரிச்சுப் பாருங்க. உங்க இருபது ஓட்டு அதுலதான் இல்லாம இருக்கு."

"என்னது?"

"பொறக்காத புள்ளைக்கு நீங்க ஊரெல்லாம் மைக்ல பேரு வெச்சிட்டுத் திரியிறீங்க."

புதன்கிழமை விசாரணை. அதிகாரி, இரண்டு கட்சி ஆட்கள், கதவோரம் முதலாளியின் கும்பலோடு கும்பலாக அப்பா. அவளே எழுந்து சொன்னாள். விதியை மீறி எண் போட்டது நான், மையைக் கொட்டியது நான், ஒட்டிய தாளைக் கவனிக்காமல் கடைசி எண்ணை மொத்தமாக எழுதியதும் நான். அதிகாரி பதிவேட்டின் முத்திரையை உடைத்து, பத்தொன்பதாம் தாளின் முதுகிலிருந்து அடுத்ததை நகத்தால் உரித்தார். அதே சர்ர். 381 முதல் 400 வரை அவள் கையெழுத்தில் எண்கள். எதிரே ஒரு கையெழுத்தும் இல்லை, ஓரத்தில் ஒரு நீலத் திட்டு மட்டும்.

கட்சி ஆட்கள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தத் தாள அப்புறமா சொருகியிருக்காங்க!" என்றார் முதலாளி.

"பதிவேட்டுத் தையல் பிரியல, முத்திரையும் இப்பதான் உடைஞ்சது" என்றார் அதிகாரி.

"அப்ப தையல்காரனையும் விசாரிங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் கூடவே வந்தது. இந்த ஆளுக்குத் தாளைக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு தாள்கள் வந்தன. தேர்தல் முடிவு செல்லும் என்பது ஒன்று. கடமையில் கவனக்குறைவு, நிரந்தர ஆணை நிறுத்திவைப்பு என்பது மற்றொன்று. அம்மா இரண்டாவதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் எட்டு மணிக்கு வேன் வந்தது. "இருபது ஓட்டு எங்கே?"

அன்று மாலை அவள் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் லாரி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் போட்டாள். அட்டையில் பெரிதாக எழுதி மடியில் நிறுத்திக்கொண்டாள்: 'ஓட்டுப் போட்டும் எண்ணப்படாத இருபது பேரில் ஒருத்தர் வந்தால் போதும். தினமும் ஐந்து முதல் ஆறு வரை இங்கேதான் இருப்பேன்.'

முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருவன், "டீச்சர், செத்தவங்க வரலாமா?" என்றான். "வரலாம், கையெழுத்துப் போடத் தெரியணும்" என்றாள். நான்காம் நாள் எதிரே பஞ்சர் ஒட்டுகிறவர் கேட்டார்: "ஆமா, இத்தன நாளாச்சே, அந்த இருபதுல ஒருத்தன்கூட என் ஓட்டக் காணோம்னு வரலியே?" அதைக் கடையில் நின்ற எல்லோரும் கேட்டார்கள்.

ஐந்தாம் நாள் முதலாளி வெளியே வந்து நின்று கத்தினார். "எந்திரிச்சுப் போம்மா! உள்ள வேலையும் போயிடப் போகுது."

"நிறுத்தி வெச்சதுக்கு மேல்முறையீடு போட்டுட்டேன். செஞ்ச தப்புக்கு அளவான தண்டனைய வாங்கிக்கறேன். செய்யாததுக்கு ஒரு மயிரளவும் வாங்கமாட்டேன்."

அப்போதுதான் வேன் சுற்றிவிட்டு வந்தது. "இருபது ஓட்டு எங்கே? திருடிய..." அப்பா அவள் நாற்காலிக்கு முன்னால் பிரேக் போட்டார். சத்தத்தைக் குறைக்கவில்லை, ஒரேயடியாக அணைத்தார். இறங்கி வந்து முதலாளியிடம் பணிவாகவே கேட்டார்.

"மொதலாளி, அந்த இருபது பேர்ல ஒருத்தர் வீட்டச் சொல்லுங்க. வண்டி நிக்குது. இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

முதலாளி வேனைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். தெருவே காத்திருந்தது.

"ஒருத்தர் போதும் மொதலாளி" என்றார் அப்பா.

முதலாளி திரும்பி உள்ளே போய்விட்டார். அப்பா வேன் சாவியை அலுவலகப் படியில் வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆறு மணிக்கு இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு பாப்பா?"

"இருபது நிமிஷம்" என்றாள் அவள், அட்டையை நிமிர்த்திப் பிடித்தபடி.