மார்கரிக் அமிலத்துக்கு நான்கு வரி

அகராதியின் அந்தப் பக்கம் நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மணி மூன்று பத்து. அந்த லண்டன் அகராதி அலுவலகத்தில் 'எம்' எழுத்தைக் கட்டி மேய்க்கும் பிரெண்டா ஆலர்டன், அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு சொல்லுக்காக எட்டு வருடம் மல்லுக்கட்டியிருந்தாள். 'மார்டி': எடுத்ததற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆள். அவள் பிறந்த நாட்டிங்ஹாமில் அதைத் தெரியாத ஆளே கிடையாது. ஆசிரியர் குழுவுக்கு மட்டும் தெரியவில்லை.

எதிரே ரசாயன ஆலோசகர் டாக்டர் பிம்லட். பென்சீனுக்கு இவர் கூடுதல் வரி கேட்ட அன்று மூன்று வட்டாரச் சொற்கள் அகராதியை விட்டே போயின.

"'மார்கரிக் அமிலம்: கொழுப்பு அமிலங்களில் ஒன்று.' இதெல்லாம் ஒரு பொருளா? பசுவுக்கு 'விலங்குகளில் ஒன்று'ன்னு எழுதுவீங்களா?"

"ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு டாக்டர்."

"நாலு வேணும். முதல்ல கண்டுபிடிச்சவர் கையில இருந்தது வேற ரெண்டு அமிலத்தோட கலவை. அதைச் சொல்லணும்."

"இல்லாத அமிலத்துக்கா நாலு வரி?"

"அப்போ இல்ல, இப்போ இருக்கு. அதைச் சொல்லத்தான் நாலு வரி."

தலைமை ஆசிரியர் ஹாலிவெல் எட்டிப் பார்த்தார். "மூணு வரி கூடினா மூணு வரி குறையணும். மார்டி மூணு வரிதானே?"

பிரெண்டா பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரின் நான்கு வரியைச் சொல் சொல்லாக மேய்ந்தாள். பொருளில் வரும் எந்தச் சொல்லும் அகராதியில் இருந்தாக வேண்டும் என்பது அங்கே வேதம்.

"மார்கரிக்குக்கு இன்னொரு பேருன்னு 'ஹெப்டாடெக்கனாயிக்' போட்டிருக்காரே, அது எங்க இருக்கு? 'எச்' போன வருஷமே அச்சாயிடுச்சு. இதெல்லாம் யாருக்கு வேணும்னு நீங்களே அதை வெட்டினீங்க," என்றாள் ஹாலிவெல்லிடம்.

ஹாலிவெல் பெருமூச்சு விட்டு, பழைய ஒரு வரியே போதும் என்று நான்கு வரியையும் வெட்டினார். டாக்டர் அசரவில்லை. மார்டியின் மேல் விரலை வைத்தார்.

"இதுக்கு 'சல்க்கி'ன்னு பொருள் போட்டிருக்கீங்க. அது எங்க இருக்கு?"

"'எஸ்' இன்னும் வரலை. வரும்."

"'சல்க்கி' கட்டாயம் வரும்னு எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டாள். மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பக்கம் கிளம்பியது, மார்டியோடு. டாக்டர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"'எஸ்'ஸுக்கும் நான்தான் ஆலோசகர். சல்க்கிக்கு அடுத்து சல்ஃபேட், சல்ஃபைடு, சல்ஃபைட்டு, சல்ஃபர்... அந்தப் பக்கத்துல ரொம்ப நெரிசலா இருக்கும் பிரெண்டா."