பதினேழாம் எண் வீட்டு வெயில்

சூரியன் இந்தத் தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் கட்டுப்பட்டது என்பதும், அவர் பதினேழாம் எண் வீட்டு இயற்பியல் ஆசிரியர் என்பதும் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் மறுக்காத செய்தி. சொன்னவர் அவரேதான். தெரு முழுக்க மின்தடையில் விசிறிக்கொண்டிருக்கும்போது, மாடியில் எட்டு சோலார் பேனல்களும் படிக்கட்டுக்கு அடியில் நான்கு பேட்டரிகளும் உழைக்க, அவர் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நாளிதழ் படிப்பார். அதையெல்லாம் பொருத்தியவன் அவர் மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன். மாதத்தின் முதல் ஞாயிறு பேட்டரித் தண்ணீர் கேனோடு வருவான். மூடிகளைத் திறந்து ஊற்றிவிட்டு மாடிக்குப் போய், ஒவ்வொரு பேனலையும் ஈரத்துணியால் துடைத்தபடி உடம்பு எப்படியிருக்கிறது, நேற்று மேகம் தொந்தரவு செய்ததா என்று விசாரிப்பான்.

“கண்ணாடிகிட்ட குசலம் விசாரிக்கிற ஒரே ஆளு உன் தம்பிதான்,” என்று ஆசிரியர் மனைவியிடம் சிரிப்பார். “அடுத்த தடவை ஜுர மாத்திரையும் வாங்கிட்டு வரச் சொல்லு.”

“சிரிங்க, சிரிங்க. லைட்டு எரியுதுல்ல?”

பேட்டரிகளுக்கு வயதாயிற்று. ஆறு மணி நேரம் தாங்கியவை நாற்பது நிமிடத்தில் மூச்சு வாங்கின. தம்பி ஆறு மாதம் தினமும் வேலை முடிந்த பின் உட்கார்ந்து, புதுப்பிக்கும் திட்டத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்தான்: பேனல்கள் இருக்கட்டும், இன்வெர்ட்டரும் பேட்டரியும் மட்டும் மாறட்டும், அக்காவின் தையல் மெஷினுக்குத் தனி லைன். “நானே செஞ்சு தரேன் மாமா,” என்றான். ஆசிரியர் தாளை வாங்கி, சீருடை ஆட்கள் உள்ள ஒரு கம்பெனியிடம் கொடுத்தார். அவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்த மூன்று நாளில் பேனல் உட்பட எல்லாம் மாறிவிட்டது.

முதல் ஞாயிறு அவன் கேனோடு வந்தான். சுவரில் வெள்ளைப் பெட்டி. எந்த வயர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக, பக்கத்திலேயே அவன் கையெழுத்தோடு அவன் தாளை ஒட்டியிருந்தார்கள்.

“லித்தியம் மச்சான், தண்ணியே வேண்டாம்,” என்றார் ஆசிரியர். “ஃபோன்லயே எல்லாம் தெரியும்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்…”

“இப்ப படல பாருங்க.” கேனை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வாசலோரம் சாத்தியிருந்த பழைய பேனல்கள் எட்டையும் காட்டினான். “இதை எடுத்துட்டுப் போகட்டுமா, சார்?”

அந்த ‘சார்’ விழுந்த இடத்திலேயே அக்கா வெகுநேரம் நின்றிருந்தாள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்குச் சூரியன் வழக்கம்போல உதித்து பதினாறிலும் பதினெட்டிலும் விழுந்தது. பதினேழில் விழவில்லை. காம்பவுண்டுச் சுவர் வரை வந்த வெயில், பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர் மாதிரி சுற்றிக்கொண்டு போனது. பால்காரர் அந்த வாசலுக்கு மட்டும் டார்ச் அடிக்கப் பழகினார். கொடியில் துணி மூன்று நாள் கிடந்தும் காயவில்லை. மின்தடை வந்தால் தெருவிலேயே அதிகம் இருட்டுவது அந்த வீடுதான். கம்பெனி ஆள் வந்து மீட்டரை வைத்துப் பார்த்து, “பேனல் நல்லா இருக்கு சார். மேல வெயில்தான் இல்ல. அது வாரண்டியில வராது,” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்த வெயில் மூன்று தெரு தள்ளி, பழைய பேனல்கள் குடியேறிய தம்பியின் ஒர்க்‌ஷாப் மேல் இரட்டிப்பாகக் கொட்டியது. அங்கே நின்றால் ஆளுக்கு இரண்டு நிழல்.

“துரோகி!” என்றார் ஆசிரியர் வானத்தைப் பார்த்து. “பன்னெண்டு வருஷப் பழக்கம்!”

“அதையேதான் அவனும் சொல்லிட்டிருப்பான்,” என்றாள் மனைவி.

மூன்றாம் மாதம் அவள் தையல் மெஷினைத் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோய்விட்டாள். அவன் அக்காவுக்கு நாற்காலி போட்டான்; மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் மாதம் ஆசிரியரும் சாப்பாட்டுத் தூக்கோடு வரத் தொடங்கினார். “வாங்க சார்,” என்பான் தம்பி, தலை நிமிராமல், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. அதற்கு மேல் பேச்சில்லை. இன்றுவரை இல்லை.

தெருவில் இப்போது யாரும் இதைப் பேசுவதில்லை. வெயில் வேண்டுமென்றால் பதினேழாம் எண் வீட்டார் மூன்று தெரு நடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிரியர் அந்த ஒர்க்‌ஷாப் கூரைக்கு ஏணி ஏறுகிறார். கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு துணியைப் பிழிகிறார். மூன்றாவது பேனலில் ஒரு விரிசல், அதைச் சுற்றி அழுத்தாமல் துடைத்தபடி, “இப்ப தேவலையா?” என்று கேட்கிறார். பதில் வரும்வரை அவருடைய இரண்டு நிழல்களும் குனிந்தே இருக்கின்றன.