பழியை விளக்கின் மேல் போட்டு

...அப்போ விளக்குதான், தன் கண் இல்லை, விளக்குதான் என்று காரை ஓரங்கட்டும்போதே ஒச்சப்பனுக்கு ஒரு நிம்மதி வந்தது, பொழுது சாயும் நேரத்தில் முன்விளக்கு இரண்டும் அணைந்துபோனதற்கு எந்த டிரைவராவது சந்தோஷப்படுவானா, ஆனாலும் வந்தது. போன வாரம் அகரத்துப் பக்கம் காரை வரப்பில் ஏற்றியபோது முதலாளி அருள்நாதன் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மெதுவாகச் சொன்னார், விளக்கு மங்கலாக எரிகிறது முதலாளி என்று அப்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது, இதோ நிஜமாகிவிட்டது... இருட்டினால் எல்லாருக்கும்தான் ரோடு மங்கும், இல்லையா? இந்த வயசுக்கு மேல் வேறு வேலை யார் தருவார்கள், ஸ்டியரிங்கை விட்டால் இந்தக் கைக்கு என்ன தெரியும்?

நிலக்கோட்டையிலிருந்து ஏற்றிவந்த முதலாளியின் தங்கை சகாயராணி டீச்சர், பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஹாரன் அடிக்கிறது, பேட்டரி சரி, பியூஸும் போகவில்லை, பின்னே என்ன கேடு... பானெட்டைத் திறந்து விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போனான், பாடியில் விளக்கு ஒயரை முடுக்கியிருக்கும் நட்டில் மண்ணாங்கட்டிபோல என்னவோ நெருடியது, மோந்து பார்த்தால் சந்தனம். நேற்று ஆயுத பூஜை. முதலாளி வீட்டில் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், இருந்தாலும் வண்டிக்குப் பூஜை போடுவதைத் தடுத்ததில்லை, இவனுக்குத்தான் இந்த வருஷம் பயம் அதிகம், நட்டைக்கூடக் கழற்றித் துடைத்து உள்ளும் புறமும் சந்தனம் அப்பி முடுக்கியிருக்கிறான், ஈரம் இருந்தவரை எரிந்தது, காய்ந்ததும் கரண்டை மறித்துவிட்டது. அடேய், முகத்தில் இரண்டு ஆயுதம் வைத்திருக்கிறாயே, அதற்குப் போட்டாயா பூஜை? அலுப்பாக இருந்தது, சிரிக்கக்கூடத் தெம்பில்லை. கத்தியால் சுரண்டி, துடைத்து, முடுக்கிவிட்டு, டீச்சரை முன்னால் எட்டிச் சுவிட்சை இழுக்கச் சொன்னான்.

"பளிச்சுன்னு எரியுதுண்ணே," என்றாள் டீச்சர். "அந்தா, அந்த மைல்கல்லுல எழுதியிருக்கிறது இங்க இருந்தே தெரியுது."

எந்தக் கல்... காருக்கு முன்னால் வந்து நின்று பார்த்தான், ஈரத்துணிக்குப் பின்னால் வைத்ததுபோல மஞ்சளாய் இரண்டு கலங்கல், அதைத் தாண்டி ரோடு இல்லை, மரம் இல்லை, கல்லும் இல்லை, கண்ணைக் கசக்கினான், அப்போதும் இல்லை. தாமரைக்குளத்து வளைவு இனிமேல்தான் வரும். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டா அதில் திரும்புவது, வண்டி போனால் வேலை போகும், இவளுக்கு ஒன்று ஆனால்? பானெட்டுக்குள் குனிந்தவன் அதே நட்டை மெல்லத் தளர்த்தினான், விளக்கு அணைந்தது.

"மறுபடியும் போச்சு டீச்சரம்மா. செத்த நேரத்துல பஸ் வரும், நீங்க ஏறிப் போயிருங்க. நான் விடிஞ்சதும் ஓட்டிட்டு வாரேன்."

அவள் இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றாள், என்ன நினைத்தாளோ. நாகல் நகர் மெக்கானிக் நூர் முகமது நாளைக்கு ஒரு திருகில் இதைச் சரி பண்ணிவிடுவார், விளக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று முதலாளியிடமும் சொல்லிவிடுவார். அதற்கப்புறம் எதைச் சொல்வது?