ஓடாத வண்டியின் விலை

அத்தான் வீட்டில் எட்டு வருஷமாக ராஜ வாழ்க்கை வாழ்ந்தது அந்தச் சொகுசு கார்தான். என் அக்காவும் கூடவே இருந்தாள், அவ்வளவுதான். சீட்டைச் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட அவர் பிரிக்கவில்லை. நல்லது கெட்டதுக்கு இருவரும் பஸ்ஸில்தான் போவார்கள். "கிலோமீட்டர் ஏறினா விலை இறங்கும் மாப்ளே" என்று, பழைய கார் வாங்கி விற்கும் எனக்கே தொழில் சொல்லித் தருவார்.

இப்போது அக்காவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். இந்த மாதத்தைத் தாண்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விற்பதற்கு அவர்களிடம் இருப்பது அந்தக் கார் ஒன்றுதான். நான் கொடுக்கலாம் என்றால், என் வண்டிகளே சீந்துவாரில்லாமல் வெயில் காய்கின்றன. மின்சாரக் கார் வந்ததும் வந்தது, கம்பெனிக்காரனே புது பெட்ரோல் வண்டியின் விலையைத் தடாலென்று இறக்கிவிட்டான். பிறகு பழசை எவன் வாங்குவான்?

நாயாய் அலைந்து ஒரு வியாபாரியைக் கூட்டி வந்தேன். அவர் பானெட்டைத் திறந்து ரப்பர் குழாயை லேசாக வளைத்தார். சுள்ளி போல ஒடிந்தது. டயர்கள் நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன.

"மீட்டரைப் பாருங்க சார். ஷோரூம்லேருந்து வீட்டுக்கு வந்த தூரம்தான்" என்றார் அத்தான், பெருமையாக.

"வியாதியே அதுதாங்க. ஓடியிருந்தா நல்லா இருந்திருக்கும். பார்ட்ஸுக்குத்தான் எடுக்க முடியும்."

வியாபாரி சொன்னது வாங்கின விலையில் கால்வாசிகூட இல்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் போதும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அத்தான் முகம் கறுத்துவிட்டது. "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இதுக்குப் போய் காயலான் கடை விலையா? ரெண்டு மாசம் போகட்டும், ஏறும்."

"யானைக்குச் சரி அத்தான். இது தகரம்."

அவர் மசியவில்லை. வியாபாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, மூச்சு வாங்க, "விடுடா தம்பி. ஆசையா வாங்கினது. அவர் மனசு ஒடிஞ்சிடும்" என்றாள்.

இவளை என்ன சொல்ல? அத்தானிடம் திரும்பிக் கத்தினேன். "ரெண்டு மாசத்துல விலை ஏறும், சரி. அதுவரைக்கும் அக்கா இருப்பாளா?"

அத்தான், பானெட் மேல் வியாபாரியின் விரல் பட்ட இடத்தில் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.