மூடியில்லாத சேர்வரை மந்திரித்த கதை

1

மட்டக்களப்பு வாவிக்கரையில் மூன்று யுகங்கள் தோன்றின: படகின் யுகம், பாலத்தின் யுகம், தரவின் யுகம்.

இந்த வாக்கியம் என்னுடையதுதான். பக்கத்து வீட்டு மேர்வின் தன்னுடைய ‘தரவு மையத் திறப்பு விழா’வுக்கு வாழ்த்துரை கேட்டிருந்தான். ஒரு வரி எழுதியபின் மையத்தைப் போய்ப் பார்த்தேன். அது சாப்பாட்டு மேசையில் இருந்தது. வாழ்த்துரை அதற்குமேல் நகரவில்லை, கதையாகிவிட்டது.

2

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினிக்கூடம் பார்க்கும் மேர்வினுக்குச் சொந்தமாய் ஒரு சேர்வர் கணினி என்பது நெடுநாள்

(வேண்டாம். ‘கனவு’ என்று முடிக்கப் பார்த்தேன். கனவை வாசலில் இறக்க இரண்டு பேர் தேவைப்படாது.)

கொழும்பில் ஏதோவோர் அலுவலகம் கழித்துவிட்டதை இணையத்தில் கண்டு வாங்கினான். விளம்பரத்தில் ஆறு படங்கள், ஆறும் முன்பக்கம். பெட்டியைப் பிரித்த பிறகுதான் மேல்மூடி இல்லையென்று தெரிந்தது. மூடியில்லாத கோபத்தில் விசிறிகள் முழுவேகத்தில் சுற்றி, கிரான் வயல்வட்டையில் நெற்சூடடிக்கும் மெசின்போல இரைந்தன. மூன்று நாள் மன்றாடியபின் ஒரேயொரு தரம் சேர்வர் இயங்கத் தொடங்கியது. நிறுத்தினால் மறுபடி ஏறுமா என்பது அவனுக்கே தெரியாது. ஆகவே நிறுத்தவில்லை.

3

ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் ஜெயராஜா மந்திரிக்க வந்தார். பாடகர் குழுவும் வந்தது. நாடா, கத்தரிக்கோல், கேக் எல்லாவற்றையும் மேர்வின் யோசித்து வைத்திருந்தான். தீர்த்தமும் தண்ணீர்தான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

“மேர்வின், இத நிப்பாட்டினாத்தானே செபம் கேக்கும்?”

“நிப்பாட்டினா மறுகா ஏறாது, பாதர்.”

“அப்ப ஓடட்டும். ஆண்டவருக்குக் கேக்கும்.”

பாதர் இலைக்கொத்தைத் தீர்த்தத்தில் தோய்த்தார். மேர்வின் பாய்ந்து குடையை எடுத்து விரித்தான், சேர்வருக்கு மேலே.

“குடை பிடிக்க இதென்ன மாதா சுருவமா?” என்றாள் அவன் மனைவி றெபேக்கா.

“சும்மா இரு புள்ள.”

“சுருவத்துக்காவது கண்ணாடிக் கூடு இருக்கு. இதுக்கு மூடியுமில்ல.”

“நான் இப்ப சேர்வர மந்திரிக்கிறதா, குடைய மந்திரிக்கிறதா?” பாதர் கேட்டார். “உங்கட மோட்டச்சைக்கிளுக்கும் நாந்தானே தெளிச்சன்? ஓடுதுதானே?”

“அதுக்குள்ள தண்ணி போகாது, பாதர்...”

“விசுவாசம் வேணும், மேர்வின்.”

பாடகர் குழு முழுவதும் அவனையே பார்த்தது. மேர்வின் குடையை மடக்கினான். மடக்கும்போது அவன் முகம்

(இதை விட்டுவிடுகிறேன். அவன் பக்கத்து வீட்டுக்காரன்.)

4

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: துளி விழுந்தது, சேர்வர் செத்தது. கனமான சஞ்சிகைகளுக்கு ஏற்றது. றெபேக்காவின் தெரிவும் இதுவே: “எனக்கு மேச திரும்பக் கிடைக்கும், அக்கா. அப்பிடியே எழுதுங்க.”

இரண்டு: துளி விழுந்தது, இரைச்சல் அடங்கி, இயந்திரம் முன்னிலும் நன்றாய் ஓடியது. பங்குக் கோயில் மலருக்குக் கொடுக்கலாம்.

மூன்று: பாதர் சிரித்துவிட்டுச் சுவருக்குத் தெளித்தார். இது மேர்வின் கேட்டுக்கொண்ட முடிவு.*

* உண்மையில் எது நடந்ததென்று எனக்குத் தெரியாது. செபம் என்பதால் எல்லோரையும்போல நானும் கண்ணை மூடியிருந்தேன். திறந்தபோது கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள், நல்ல கேக். அதனால் நீங்களே ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளுங்கள்.

5

மேர்வின் வீட்டார் இப்போது விறாந்தையில், வாவிக் காற்றில் சாப்பிடுகிறார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள் றெபேக்கா.

இந்தக் கதை அந்தச் சேர்வரில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. மந்திரித்து இரண்டு மாதமாகிறது. அதில் வேறொன்றும் இல்லை.