எழுந்து நிற்க ஒருவர்

தையல்காரருக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். மேடையில் யாராவது உருகி உருகிப் பாடினால், அவர் கண் பாடுபவரின் தோள்பட்டைத் தையலில்தான் போய் நிற்கும். ஆனாலும் பார்வையற்றோர் இல்லத்துக்காக ஓர் அறக்கட்டளை வருடாவருடம் நடத்தும் பக்தி இசை, செவ்விசை விழாவுக்கு முப்பது வருடமாக வந்துகொண்டிருந்தார். எல்லாம் மனைவிக்குத் துணையாகத்தான். இந்த வருடம் பக்கத்து நாற்காலியில் அவருடைய குடை உட்கார்ந்திருந்தது.

போன மழைக்காலத்தில் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்று அவர் வந்தது ஒரே ஒரு காரியத்துக்காக. விழாவின் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு பட்டியல்கள் வாசிப்பார்கள். முதலில் நன்கொடை தந்தவர்கள், அவர்களுக்குக் கைதட்டல். அடுத்து, யார் நினைவாகத் தந்தார்களோ அவர்கள். பெயர் வந்ததும் சொந்தக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். யாராவது எழும்வரை அறக்கட்டளையின் செயலாளர் அம்மா மைக்கைவிட்டு நகரமாட்டார். மனைவி தன் அப்பாவுக்காக வருடம் தவறாமல் எழுந்து நிற்பாள். இன்று அவளுக்காக இவர் நிற்க வேண்டும். அதற்கென்றே புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

செயலாளர் அம்மா முதல் பட்டியலை எடுத்தார். நன்கொடை தந்தவர்களில் நாலாவதாக மனைவியின் பெயர் வந்தது. கூடமே கைதட்டியது.

தையல்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசர அவசரமாக விழா மலரைப் புரட்டினார். நினைவுப் பட்டியலின் கடைசி வரியில் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

யாரையும் திட்ட வழியில்லை. படிவத்தை நிரப்பியது அவரேதான். ‘தருபவர்’ என்ற இடத்தில் முப்பது வருடமாக அவர் கை எழுதிப் பழகிய பெயர் அவளுடையது. கை தன்பாட்டுக்கு அதை எழுதிவிட்டது. பிறகு ‘யார் நினைவாக’ என்ற இடத்தில் எழுத, வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர். ஒரு நூல் பிசகாமல் துணி வெட்டுகிற மனுஷன், இங்கே கோட்டை விட்டுவிட்டார். அவளுக்காக நிற்க வேண்டிய நேரம் கைதட்டலோடு போய்விட்டது.

போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த பட்டியல் தொடங்கிவிட்டது. ஒரு பெயருக்கு மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வரிசையே எழுந்து நின்றது. அவருக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்?

கடைசியில் அவர் பெயர் வந்தது.

யாரும் எழவில்லை. செயலாளர் அம்மா காத்திருந்தார். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரரும் பார்த்தார். என்ன நப்பாசையோ! இந்தக் கூடத்தில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். அதில் ஒருவராவது எழுந்திருக்க மாட்டாரா? ஒரு நாற்காலிகூட அசையவில்லை; அவர்களுக்கு அவர் வெறும் தையல்காரர்தான், பெயர் தெரியாது.

பின்வரிசையில் ஒரு பெண்மணி தன் கணவரிடம் சொன்னார்: “ஐயோ பாவம், அந்த மனுஷனுக்குன்னு யாருமே வரல போல.”

தையல்காரர் எழுந்து நின்றார். செயலாளர் அம்மா தலையசைத்துவிட்டுப் பட்டியலை மடித்தார். மேடையில் சுருதி சேர்க்கத் தொடங்கினார்கள்.

அவர் உட்கார்ந்ததும் பெண்மணி முன்னால் குனிந்தார். “இறந்தவரு உங்களுக்கு என்ன உறவுங்க?”

“ரொம்ப நாள் பழக்கம்மா,” என்றார் தையல்காரர். “அவரு வீட்டுக்காரம்மா இருந்திருந்தா, அவங்களே எழுந்து நின்னிருப்பாங்க.”