அடுத்தவன் அழுக்குத் துணியோடு ஐரோப்பா பார்த்தவன்

1

இந்தக் கதை நானாக எழுத நினைத்த கதை இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். “சார், நீங்க இருபத்திரண்டு வருஷமா பெல்ஜியத்துல இருக்கீங்க. அங்க படிக்க வர்ற பசங்க சனி, ஞாயிறு ஆனா ஊர் சுத்தக் கிளம்பிடுவாங்களாமே, அதை வெச்சு ஜாலியா ஒண்ணு குடுங்க. பாரிஸ், வெனிஸ், பிராக் எல்லாம் வரட்டும்” என்றார். வரட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

பாரிஸில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலையில் துவார்த்தே குடையை—

(இல்லை. அவன் பாரிஸுக்குப் போகவே இல்லை.)

வெனிஸ் படகுத்துறையில் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு துவார்த்தே அந்தப் பெண்ணை—

(அங்கேயும் போகவில்லை. பெண்ணும் கிடையாது. நான் என்ன செய்யட்டும்?)

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அடுத்தவனுடைய பதினொரு ஜட்டிகளை இழுத்துக்கொண்டு துவார்த்தே ரயில் ஏறினான்.

இது நடந்தது. ஆசிரியர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

2

லூவன் நகரத்தில் ஒரு மாணவர் வீட்டின் கீழ்த்தளத்தில் நான் குடியிருக்கிறேன். மேலே எட்டு அறைகள். வெள்ளிக்கிழமை நான்கு மணி ஆனால் போதும், தெருக்கல்லில் சக்கரப் பைகள் கடகடவென்று உருளும். உள்ளூர்ப் பிள்ளைகள், அதாவது பெல்ஜியத்துக்குள்ளேயே வேறு ஊர்களில் வீடு உள்ளவர்கள், அத்தனை பேரும் ஒரு வாரத்து அழுக்குத் துணியோடு அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். ஞாயிறு மாலை மடித்த துணியும் டப்பா டப்பாவாகச் சாப்பாடுமாகத் திரும்புகிறார்கள். பாலம் கட்டக் கணக்குப் போடுகிற பிள்ளைகள்; சலவை இயந்திரத்தின் பொத்தானை மட்டும் தொடமாட்டார்கள். தொட்டால் அம்மா வருத்தப்படுவாராம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் பறப்பார்கள். மூன்றாம் அறைத் துவார்த்தேயும் அப்படிப் பறக்க வந்தவன்தான். போர்ச்சுகலில் விஸேயு என்ற ஊர். ஆறு மாதப் படிப்பு. கட்டிலுக்கு மேலே பதினான்கு நகரங்களின் பட்டியல் ஒட்டி வைத்திருந்தான். பக்கத்து அறை வான்னெஸ் உள்ளூர்ப் பிள்ளை. ஆனால் அந்தப் பிப்ரவரி முழுக்க அவன் பை மட்டும் உருளவில்லை.

“மச்சி, இந்த வாரம் எந்த ஊரு?” என்று கேட்டான் வான்னெஸ்.

“லிஸ்ட்ல முதல்ல கென்ட்.”

“அங்கேர்ந்து இன்னொரு ரயில்ல இருபது நிமிஷம், எங்க வீடு வந்துடும். இந்தப் பையை எங்கம்மாகிட்ட குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வந்துடேன்.”

“நீ போகலயா?”

“எங்கப்பா மூஞ்சில முழிக்க மாட்டேன்.”

“என்னடா பண்ணாரு?”

“பண்ணது நான்தான். கிறிஸ்துமஸ் அன்னிக்குப் புறாக்கூண்டைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன். பருந்து வந்து அவரோட சாம்பியன் புறாவைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. ‘அதுக்கு பதிலா உன்னைத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்’னாரு. அம்மா சூப் ஊத்திக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல.” *

* காரணம் ரொம்பச் சின்னது என்கிறாள் என் மனைவி. இதைவிடப் பெரிய காரணத்துக்காக வீட்டுக்குப் போகாத ஒருவரை அவள் காட்டட்டும், மாற்றி எழுதுகிறேன்.

3

கதவைத் திறந்த கோடலீவ — வான்னெஸின் அம்மா — முதலில் பையைப் பார்த்தார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

“பை வந்துடுச்சு!” என்று உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“பையன்?” உள்ளேயிருந்து அப்பா ஹ்யூபெர்ட்.

“பையன் வரல. வேற பையன் வந்திருக்கான்.”

“சாப்பிடுவானா?”

“பார்த்தா சாப்பிடுற மாதிரிதான் இருக்கு.”

அவ்வளவுதான் விசாரணை. சூப் வந்தது. பீர் ஊற்றி வேகவைத்த மாட்டுக்கறி வந்தது, உருளைக்கிழங்கு வறுவல் மலைபோல வந்தது. சாப்பிட்டு முடித்துக் கிளம்ப எழுந்தான் துவார்த்தே.

“எங்க எந்திரிக்கிற?” என்றார் கோடலீவ.

“கென்ட் பாக்கணும் ஆன்ட்டி. அங்க ஒரு ஹாஸ்டல்ல ராத்திரிக்குப் படுக்கை சொல்லி வெச்சிருக்கேன்.”

“பை இங்க இருக்கு. நீ மட்டும் அங்க போய் என்ன பண்ணப் போற? போட்டிருக்கிற சட்டையையும் கழட்டிக் குடு, வெள்ளையோட போட்டுடறேன்.”

சட்டை இல்லாமல் ஐரோப்பா பார்க்க முடியுமா? வான்னெஸின் சட்டையைப் போட்டுக்கொண்டான். வான்னெஸின் கட்டிலில் படுத்தான். ஞாயிறு மாலை இஸ்திரி போட்ட காலுறைகளும், மூடியில் ‘வான்னெஸ்’ என்று எழுதி ஒட்டிய ஆறு டப்பாக்களுமாக ரயில் ஏறினான். கென்ட் கோபுரங்கள் மூன்றையும் ஜன்னல் வழியாகப் பார்த்தான். பட்டியலில் டிக் போட்டான். பார்த்ததுதானே!

4

அடுத்த வாரம் ஆம்ஸ்டர்டாம். (போகவில்லை.)

அதற்கடுத்த வாரம் பிராக், மூன்று நாள், ஏழு பேர் கும்பலாக. (அவன் இல்லாமல் ஆறு பேர் போனார்கள்.)

ஒவ்வொரு முறையும் “இந்த வாரம் மட்டும்” என்று சொல்லித்தான் வான்னெஸின் பையைத் தூக்கினான். ஏப்ரலில் புறாப் பந்தயம் ஆரம்பித்தது. வெள்ளி மாலை ஹ்யூபெர்ட்டோடு புறாக்களைக் கூடையில் அடைத்துச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லாரி அவற்றைப் பிரான்சுக்குள் எங்கேயோ கொண்டுபோய்த் திறந்துவிடும். பிறகு தோட்டத்தில் நாற்காலி போட்டு, இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். பேசினால் ஹ்யூபெர்ட்டுக்குப் பிடிக்காது. “வாய மூடு, அது கேக்கும்” என்பார். அந்த வீட்டுப் புறாக்கள் பிரான்சில் நாயோன் பார்த்தன, ஓர்லேயான் பார்த்தன, பூர்ஷ் பார்த்தன. துவார்த்தே அவை திரும்பி வருவதைப் பார்த்தான்.

பல்கலைக்கழக டச்சு வகுப்பில் ஒருநாள் வாயைத் திறந்தான்; ஹ்யூபெர்ட் பேசுகிற பட்டிக்காட்டு டச்சு வந்தது. ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டார். “இதை எந்த மாட்டுத்தொழுவத்துல கத்துக்கிட்டீங்க?” என்றார். புறாக்கூண்டில் என்று அவன் பணிவாகத் திருத்தினான்.

விஸேயுவிலிருந்து அவனுடைய அம்மா போனில் கேட்டார், “பாரிஸ் போனியாடா?”

“இல்லம்மா.”

“வெனிஸ்?”

“துணி துவைக்கப் போனேன்மா.”

“துணி துவைக்கவா உன்னை ஐரோப்பாவுக்கு அனுப்பினேன்? நாம இருக்கிறதே ஐரோப்பாதானடா, இங்கயே துவைச்சிருக்கலாமே!”

5

இந்த இடத்தில் எனக்குத் துவார்த்தேமேல் சந்தேகம் வந்துவிட்டது. இருபது வயதுப் பையன், பதினான்கு நகரங்களை விட்டுவிட்டு ஏன் இப்படிச் செய்கிறான்? சாப்பாட்டுக்காக என்று எழுதினேன், அடித்தேன். வான்னெஸ்மேல் உள்ள நட்புக்காக என்று எழுதினேன், சிரிப்பு வந்தது, அடித்தேன். கடைசியில் மாடிப்படியில் அவனையே நிறுத்திக் கேட்டேன். (நான் அவனிடம் பேசியது மொத்தம் இரண்டே தடவை. மிச்சமெல்லாம் என் கைவரிசை.)

“ஏன் தம்பி வாராவாரம் அங்கயே போற?”

“மத்த எல்லாரும் ‘ஐரோப்பா எப்படி இருக்கு’ன்னு கேக்கறாங்க சார். அங்க மட்டும்தான் ‘காலைத் துடைச்சிட்டு உள்ள வா’ங்கறாங்க.”

இதற்குமேல் விளக்கினால் கதை கெட்டுவிடும். அவனுக்கு அந்த வீடு பிடித்துப்போய்விட்டது. அந்தக் கட்டில், அந்த நாற்காலி, எல்லாம் பிடித்துப்போய்விட்டது. அவை வேறொருவனுடையவை.

ஞாயிறுதோறும் ரயிலடியில் கோடலீவ ஒரே கேள்விதான் கேட்பார். “அவன் சாப்பிடுறானா?”

“சாப்பிடுறான் ஆன்ட்டி.” (ஆறில் மூன்று டப்பாவைத் தின்றவன் துவார்த்தே.)

“அவன்கிட்ட சொல்லு...”

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணுமில்ல. காலுறை ஜோடி மாறாம போட்டுக்கச் சொல்லு.”

‘வரச் சொல்லட்டுமா ஆன்ட்டி’ என்று துவார்த்தே ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கோடலீவ அழுதிருப்பார், வான்னெஸ் அடுத்த ரயிலைப் பிடித்திருப்பான். துவார்த்தே கேட்கவில்லை. வான்னெஸ் வந்தால் தான் எங்கே படுப்பது என்று யோசித்தான். யோசித்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே அடுத்த வெள்ளியும் பையைத் தூக்கினான்.

6

[இந்தப் பகுதியை ஆசிரியர் வெட்டுவார். வெட்டினாலும் கதை ஓடும்.]

விஷயம் பரவியது. மற்ற உள்ளூர்ப் பிள்ளைகளும் இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். ஏப்ரல் கடைசியில் வெள்ளி மாலை ரயிலில் கிரேக்கர்களும் பின்லாந்துக்காரர்களும் கொரியர்களும் வேற்றாள் துணிப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் லூவனில் முதல்முறையாக ஒரு சனிக்கிழமையைப் பார்த்தார்கள். கடைகள் திறந்திருப்பது அவர்களுக்குப் பெரிய அதிசயம்.

அம்மாக்கள் போனில் பேசிக்கொண்டார்கள்.

“எனக்கு வந்தவன் கிரீஸ்காரன். போடுறதெல்லாம் சாப்பிடுறான்.”

“எனக்கு பின்லாந்துப் பொண்ணு. ரெண்டு நாளும் வாயே திறக்கல. எம்பையன் மாதிரியே இருக்கா, அதனால ஒண்ணும் தெரியல.”

“இந்த வாரம் எனக்கு வந்தவன் போன வாரம் வந்தவன் இல்லடி. கேட்டா, அவனுக்குப் பரீட்சை, ஆளை மாத்தி அனுப்பியிருக்கானாம்!”

“துணி நம்மளதுதான?”

“துணி நம்மளதுதான்.”

“அப்புறம் என்ன, விடு.”

7

மே கடைசி ஞாயிறு. மாணவர் வீட்டுச் சமையலறையில் வான்னெஸ் குளிர்பெட்டியைத் திறந்தான். திறந்தவன் மூடவில்லை.

“டேய், இது என்னடா?”

“கறி உருண்டை. தக்காளிச் சாறுல.”

“அது தெரியுது. மூடியில என்ன எழுதியிருக்கு?”

துவார்த்தே உருளைக்கிழங்குத் தோலைச் சீவியபடியே இருந்தான். மூடியில் ‘துவார்த்தே’ என்று எழுதியிருந்தது. கோடலீவவின் சாய்ந்த கையெழுத்து.

“ஒண்ணுலயா, எல்லாத்துலயுமா?”

“ஆறுலயும்.”

“என் துணி?”

“துவைச்சிருக்கு மச்சி. சத்தியமா.”

வான்னெஸ் ஒரு டப்பாவை எடுத்தான். சூடுகூடப் பண்ணாமல், நின்றபடியே, விரலால் எடுத்து முழுவதையும் தின்றான். தின்று முடித்ததும், “இந்த வெள்ளிக்கிழமை நான் போறேன்” என்றான்.

“அப்ப நானும்—”

“ஒரு கட்டில்தான்டா இருக்கு.”

“ஆன்ட்டிகிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லாத. நீதான் வர்றேன்னு நினைச்சுக் கதவைத் திறக்கட்டும்.”

துவார்த்தேவுக்கு ஊர் திரும்ப மூன்றே வெள்ளிக்கிழமைகள் மிச்சம். அதில் ஒன்று போனது.

இதற்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) வான்னெஸ் போகிறான். கோடலீவ கதவைத் திறந்து, முதலில் பையைப் பார்க்கிறார், பிறகு முகத்தைப் பார்த்து, “துவார்த்தே எங்க?” என்கிறார். — குரூரம். அடித்துவிட்டேன்.

(ஆ) இருவரும் போகிறார்கள். ஹ்யூபெர்ட் இருவரையும் இறுகக் கட்டிப்பிடித்து— ஹ்யூபெர்ட் இதுவரை புறாவைத் தவிர எதையும் கட்டிப்பிடித்ததில்லை. பேனாவே நகரவில்லை.

(இ) பருந்து தூக்கிப்போன சாம்பியன் புறா உயிரோடு திரும்பி வருகிறது. — ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் பருந்து அதைத் தின்றாயிற்று. இறகை நான் இரண்டாம் பகுதியிலேயே எழுதி அடித்தேன், உங்களுக்குக் காட்டவில்லை.

8

அதனால் வியாழக்கிழமை மாலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சமையலறை மேசை. இந்தப் பக்கம் துவார்த்தே, கை முழுக்க மாவு. அந்தப் பக்கம் வான்னெஸ். நடுவில் துவார்த்தேவின் போன் அடிக்கிறது. மாவுக் கை என்பதால் விரல்முட்டியால் அழுத்தி, ஸ்பீக்கரில் போடுகிறான்.

“தம்பி, கறிக்கடையில நிக்கிறேன். பன்னிக்கறித் துண்டு எத்தனை சொல்லட்டும்? நீ வர்றதான?”

வான்னெஸ் மூன்று விரலைக் காட்டுகிறான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

துவார்த்தே வாயைத் திறப்பதற்குள் கோடலீவவே தொடர்கிறார்.

“ஹ்யூபெர்ட் ரெண்டு வாங்குன்றாரு. நீயும் இன்னும் ரெண்டு, மூணு வாரத்துல கிளம்பிடுவ. இப்பலேர்ந்தே ரெண்டு வாங்கிப் பழகிக்கணுமாம். காலையில கூண்டு கழுவும்போது சொன்னாரு, சொல்லிட்டு அங்கயே உக்காந்துட்டாரு. எனக்கு இந்தக் கடைக்காரி முன்னாடி ரெண்டுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது தம்பி.”

வான்னெஸின் கை மேசையில் அப்படியே கிடக்கிறது, மூன்று விரலோடு. ஐந்து மாதமாக அவன் அம்மாவின் குரலைக் கேட்கவில்லை.

துவார்த்தே ‘மூணு’ என்று சொன்னால் கணக்குச் சரி. அது தனக்கு என்று கோடலீவ நினைத்துக்கொள்வார். நாளைக்கு அந்தத் துண்டை வான்னெஸ் தின்பான். துவார்த்தேவுக்கு அந்த வீடு அதோடு முடிந்தது. ‘நாலு’ என்றால், நாலாவது யார் என்று கேட்பார், வான்னெஸ் முறைப்பான், கட்டில் ஒன்றுதான். வான்னெஸே வாயைத் திறந்து ‘அம்மா’ என்று கூப்பிட்டால் எண்ணே தேவையில்லை. ஆனால் கறிக்கடையில், அத்தனை பேர் நடுவில், அந்தம்மாள் என்ன ஆவார் என்று எனக்கு எழுத வரவில்லை. மூன்று நாளாக முயன்றேன். ஒவ்வொரு எண்ணாக எழுதிப் பார்த்து அழித்தேன். இரண்டு என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுதுகிறவனாக நான் இருக்கமாட்டேன்.

“தம்பி? கேக்குதா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கப்பா. யாராவது ஒரு எண்ணைச் சொல்லுங்க.”

யாராவது என்கிறார், கவனித்தீர்களா? துவார்த்தே வான்னெஸைப் பார்க்கிறான். வான்னெஸ் போனைப் பார்க்கிறான். நீங்கள் ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்? உங்களைத்தான் கேட்கிறார், சொல்லுங்கள்.